ஊர்க்கட்டு தளரும் இடம்

ஊர் மாற நினைக்கிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பனமரத்துப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கி, வாடகை வண்டி ஓட்டி, பிறகு சொந்த வண்டி வைத்து, கடைசியில் ஓர் ஆயில் என்ஜினும் அரவை மிஷினும் வாங்கி, தெற்கே காவிரிக்கரையில், மோகனூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிற்றூரில் கொண்டுபோய் நிறுத்தியவன். அந்த வட்டாரத்துக்கு நெல் அரைக்கும் மிஷினைக் கொண்டுவந்த முதல் ஆள் நான். எங்கள் காட்டுப் பக்கத்திலிருந்து என்னைப்போல் எழுந்து போனவன் வேறு யாரும் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

வருகிறவர்கள் தண்ணீர் எப்படி, பாதை எப்படி, டாக்டர் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். நானும் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஊரில் இருந்த கிணறுகளில் எல்லாம் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஆறு ஊருக்குள் ஏறினால் எதுவரை வரும் என்று விசாரித்தேன். கோயில் சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கறையைக் காட்டினார்கள். மேட்டூரில் அணை கட்டிய பிறகு அந்தப் பயம் இல்லை என்றார்கள். மழைக்காலத்தில் நாமக்கல் வண்டிப்பாதையில் சக்கரம் எவ்வளவு இறங்கும் என்று ஓர் ஐப்பசியில் நானே வண்டி ஓட்டிப்போய்ப் பார்த்தேன். வெற்றிலைக் கொடிக்காலில் பாம்பு உண்டா என்றுகூடக் கேட்டேன். உண்டு என்றார்கள். படித்தவர்கள்கூட இத்தனை பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க முடியும் என்றே எனக்குத் தெரியாது.

என் மனைவி செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவள். அவள் பிறந்த சந்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அடுப்பு மூட்ட நெருப்பு வேண்டுமென்றால் வாசற்படியில் நின்றபடியே எதிர்வீட்டில் வாங்கிவிடலாம். அவளைக் கொண்டுபோய் ஊர்க்கோடியில், மிஷினுக்குப் பின்னால் கட்டிய வீட்டில் வைத்தேன். மூன்று அறை, ஓட்டுக் கூரை, தனிக் கிணறு. அந்த ஊரில் அப்படி ஒரு வீடு அப்போது ஊர்க்கவுண்டர் ஒருவருக்குத்தான் இருந்தது. பகலெல்லாம் என்ஜின் சத்தம். பொழுது இறங்கி அதை நிறுத்தினால் ஒரு சத்தமும் இருக்காது.

நெல் கொண்டுவரும் பெண்கள் தவிட்டுப் புழுதியில் நிற்பார்கள். இவளைப் பார்த்தால், "நல்லா இருக்கறீங்களா அம்மிணி?" என்பார்கள். இவள், "இருக்கேன்" என்பாள். அத்தோடு சரி. கெட்ட ஜனங்கள் இல்லை. எங்கள் சாதிக்காரர் அந்த ஊரில் ஒரு வீடுகூட இல்லை என்றாலும் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் எங்களுக்கு அழைப்பு வரும். போனால் பாய் விரித்து முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். எனக்குச் செய்கிற மரியாதை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் சொன்னாள். "சொந்தக்காரங்க எல்லாம் கடைசிப் பந்திங்க. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு கவனித்தேன். அவள் சொன்னது சரி. விருந்தாளியை அந்தப் பக்கம் ஒறம்பரை என்பார்கள். நாங்கள் அந்த ஊருக்கு வருஷக்கணக்கில் தங்கிவிட்ட ஒறம்பரை.

பங்குனியில் அங்கே மாரியம்மன் திருவிழா. நோன்பி என்பார்கள். கோயிலுக்கு முன்னால் முக்கிளையாகப் பிரிந்த ஒரு பால்மரத்துக் கிளையை வெட்டிவந்து நடுவார்கள். அதுதான் கம்பம். அதை அம்மனுக்குப் புருஷன் என்று சொல்வார்கள். நட்ட நாளிலிருந்து அதைப் பிடுங்கி ஆற்றில் விடும் நாள்வரை, விடியலிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும், வீட்டுக்கு ஒரு பெண் போய் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை அதற்கு ஊற்ற வேண்டும். ஊர்க் குடியாக எண்ணப்பட்ட வீட்டுக்குத் தலைக்கட்டு என்று பெயர். தலைக்கட்டுப் பெண்கள்தான் ஊற்றலாம்.

நாங்கள் போன முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. பெண்கள் குடத்தோடு வரிசையாகப் போவதைப் பார்த்து அவளும் ஒரு குடம் நிறைத்துக்கொண்டு போனாள். கோயில் முனையில் ஓர் அம்மா, "நீங்க ஒறம்பரைங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இவள் திரும்பி வந்தாள். குடத்தை முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வேலையைப் பார்த்தாள். அடுத்த வருஷம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் வருஷம் நோன்பி பேசக் கோயிலில் ஊர் கூடியபோது நான் போய் உட்கார்ந்தேன். ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எண்ணெய்த் தட்டுப்பாட்டிலும் என் மிஷின் ஓடிற்று. எப்படி ஓட்டினேன் என்பது தனிக் கதை. ஊரே என் மிஷின் அரிசியைத்தான் தின்றது. என்னைத் தலைக்கட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன்.

ஊர்க்கவுண்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். "மிசின்காரர் என்ன சொல்றாரு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"தலைக்கட்டுல சேத்தச் சொல்றாருங்க."

"எதுக்கு? ஒறம்பரையாட்டம் சொகமா இருக்கறதை உட்டுப்போட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து முதப் பந்தியிலேயே சாப்பிடறமுங்க. எங்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளி உடுங்க. அது போதும்."

"கடைசிப் பந்தில வடை இருக்காதுங்க, பாத்துக்கங்க" என்றார் கொடிக்கால் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் பேசி ஜெயிப்பது எனக்குப் புதிதில்லை.

ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்காமல் சொன்னார். "கட்டு இருக்குது சாமி. கம்பம் நட்டாச்சுன்னா எல்லைக்கு அக்கட்டால ராத் தங்கப்படாது. கடுகு போட்டுத் தாளிக்கப்படாது. ஒலக்கை போடப்படாது. பச்சை மரம் வெட்டப்படாது. கம்பம் ஆத்துக்குப் போற வரைக்கும் உங்கூட்டுப் பொம்பள ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தோணும்."

"உங்க ஊர்க்காரங்களை விட நான் நல்லாவே கட்டுக்கு இருப்பனுங்க."

"அதெல்லாம் வேண்டாஞ் சாமி. எங்களாட்டம் இருந்தாப் போதும்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. என் மாமியாருக்குத் தை மாதத்திலிருந்து உடம்பு சரியில்லை. கால் வீங்கி, எழுந்து நடமாட முடியாமல் சேலத்தில் மகன் வீட்டில் படுத்திருந்தார். பெற்றவர்களில் என் மனைவிக்கு மிச்சம் அவர் ஒருவர்தான். அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். கம்பம் நடுவதற்கு முன்னால் அவள் கேட்டாள். "ஒரு எட்டு சேலம் போயி அம்மாகூட இருந்துட்டு வரட்டுங்களா? பாக்கணும்போல இருக்குது."

"கம்பம் நடற அன்னிக்கு நீ இல்லைன்னா தலைக்கட்டு வாங்கி என்ன பிரயோசனம்? முதத் தண்ணி நம்ம ஊட்டுலேர்ந்து நீ ஊத்தணும். கம்பம் ஆத்துக்குப் போன மறுநாள் போ. மாசக்கணக்கா இருந்துட்டு வா, நான் கேக்கலை."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் புடைத்தாள். "அதுவரைக்கும் தாங்கும்" என்றாள். "சரிங்க" என்றாள்.

எனக்காக மட்டும் சரி சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குடத்தின்மேல் அவளுக்கும் ஆசை இருந்தது. தனிக் கிணறும் ஓட்டு வீடும் கொடுத்தேன். பேச ஆள் கொடுக்க முடியவில்லை. ஊர் மாறப் போகிற ஆண்பிள்ளைகள் கிணற்றைப் பார்க்கிறார்கள், பாதையைப் பார்க்கிறார்கள். பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவளிடம் யார் வந்து பேசுவார்கள் என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

கம்பம் நட்டார்கள். மறுநாள் விடியலில் எங்கள் வாசற்படலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "ஏனுங்க அம்மிணி, பொறப்பட்டாச்சுங்களா? வேப்பந்தழை இருக்குதா, நாங் கொண்டாரட்டுங்களா?" கொடிக்கால்காரர் மனைவி. அந்தப் படலுக்கு வெளியே நின்று ஒருத்தி இவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனார்கள். திரும்பி வரும்போது அந்த அம்மாள் எங்கள் அடுப்படிவரை வந்து, என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்த்தாள். "தாளிக்காத கொழம்புக்கு எங்கூட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்கோணுமே, வேப்பெண்ணெய் குடிச்சாப்ல" என்றாள். என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். நான் மிஷின் கொட்டகையில் இருந்தேன். கேட்டது.

நான் மிஷினையும் நிறுத்திவிட்டேன். உலக்கைதான் போடக் கூடாது, மிஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். உலக்கை கூடாதென்றால் மிஷினும் கூடாதுதானே என்று பெல்ட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். அரிசி தீர்ந்து வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் நெல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானத்தில் அங்கங்கே வீட்டுப் பின்பக்கத்தில் உலக்கைச் சத்தம் மெதுவாகக் கேட்கும். எல்லோரும் கேட்காததுபோல் இருப்பார்கள். ஊர்க்காரனுக்கே அக்கறையில்லை, வந்தவன் நான்தான் ஒழுங்காக இருக்கிறேன் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

கம்பம் நட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். மைத்துனர் ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை, உடனே வந்து பார்க்கச் சொன்னார்கள் என்று ஆள் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் கணக்குப் போட்டேன். ராத் தங்கினால்தான் கட்டு மீறுவது. பகலில் போய்வரத் தடையில்லை. விடியலில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டி கட்டினால், நாமக்கல்லில் பஸ்ஸைப் பிடித்து, உச்சிப்பொழுதுக்குச் சேலம் சேரலாம். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கம்பத்தடியில் நிற்கலாம். அம்மாவையும் பார்த்த மாதிரி, கட்டும் காத்த மாதிரி. இப்படி ஒரு வழி கண்டுபிடித்த என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் புது ஆள் என்று தெரிந்துபோகும்.

மறுநாள் அவள் ஈரப் புடவையோடு வந்து மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வண்டி ஊரைத் தாண்டும்போது ஊர்க்கவுண்டர் வேலியோரம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அவரும் கை தூக்கினார்.

அப்போது பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஓர் உருளை அடுப்பு இருக்கும். புறப்படுமுன் ஓர் ஆள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அனல் ஏற்றுவான். மேடு வந்தால் ஜனங்கள் இறங்க வேண்டும். மல்லூர்ப் பக்கத்து மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மூட்டை தூக்கிய தோள் இது, நான் கைவைத்த பக்கம் பஸ் நகர்ந்தது. அவள் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேலம் போய்ச் சேர நினைத்ததைவிட நேரமாகிவிட்டது.

மாமியாரை முன்னறையில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. மகளைத் தெரிந்தது. "வந்துட்டியா" என்றார். இவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். மகன் கொடுத்தபோது இறங்காதது இவள் கொடுத்தபோது கொஞ்சம் இறங்கிற்று. மைத்துனர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். "பாத்தீங்களா மச்சான், அது இருந்தா அம்மா தின்னும்" என்றார்.

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் என்னையே பார்த்தார். "மாரியாத்தா உங்க ஊருக்கு மட்டுந்தான் சொந்தமா? இங்கயுந்தான் இருக்கா. ஆடியில வருவா, நாங்களுந்தான் கூழ் ஊத்தறோம். அம்மா கெடக்கற கெடப்புல மகளை எழுப்பிக்கிட்டுப் போன்னு எந்த மாரியாத்தா சொல்றா?"

"வாக்குக் குடுத்துட்டேன் மச்சான். ஊர்க் கூட்டத்துல குடுத்த வாக்கு."

"அந்த ஊருக்கு நீங்க வாக்குக் குடுத்தீங்களா, வாக்கப்பட்டீங்களா?"

உள்ளே மாமியார் மகளிடம் கேட்பது கேட்டது. "ராத்திரிக்கு இருப்பேல்ல?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருந்துவிடு என்று சொல்லியிருப்பேனா என்று பிற்பாடு யோசித்ததுண்டு. சொல்லியிருக்க மாட்டேன். அவள், "இருக்கேம்மா, நீ தூங்கு" என்றாள். டம்ளரில் பாதிக் கஞ்சி இருந்தது. அதை அண்ணி கையில் கொடுத்து, "சாயந்தரம் சூடு பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு என்னோடு வந்து தெருவில் நின்றாள்.

திரும்பி நாமக்கல் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினோம். நாமக்கல்லில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நான் ஓட்டிய ஓட்டத்தை இப்போது சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். கோயிலில் தப்பட்டையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஊருக்குள் நுழைந்தோம். அவள் கிணற்றடியில் இரண்டு குடம் தலையோடு ஊற்றிக்கொண்டு, மூன்றாவது குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஊற்றினாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு நேரம்கூடத் தவறவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பேச நான் தயாரில்லை.

மறுநாள் மத்தியானம் அதே ஆள் திரும்பி வந்தான். வழியில் கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்ததால் எங்களுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் கோழி கூப்பிடும் நேரத்தில் போய்விட்டார். வெயில் காலம், வைத்திருக்க முடியாது, பொழுதுக்குள் எடுத்துவிடுவார்கள் என்றான்.

அவள் அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஆளுக்கு மோர் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றிற்று. உள்ளே போய் நானே எடுத்துவந்து கொடுத்தேன்.

ஊர்க்கவுண்டர் வந்தார். பின்னால் கொடிக்கால்காரரும் அவர் மனைவியும். ஊர்க்கவுண்டர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நேத்து ஏஞ் சாமி திரும்பி வந்தீங்க?" என்றார்.

"கட்டுங்களே. ராத் தங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. "சாவு கெடக்கறப்ப, புள்ளை பெறறப்ப எல்லாம் எப்படிச் சாமி ஊருக்குள்ளயே இருக்கறது? எல்லைக்கல்லுல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி, மாரியாத்தா, போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனா ஆச்சு. எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துட்டு வரலாம். திரும்பி வாரப்ப மறுக்கா ஒரு சொம்பு. ஊட்டுத் தண்ணியைப் பக்கத்தூட்டுக்காரங்க சேத்தி ஊத்திருவாங்க."

"போன நோன்பில எங்கூட்டு மருமவ பிரசவத்துக்கு அப்படித்தானுங்க போனா" என்றாள் கொடிக்கால்காரர் மனைவி. "நாலு நாள் கழிச்சுத்தான் நாங்களே வந்தோம்."

நான் கேட்டேன். "இதை ஏனுங்க அன்னிக்குக் கூட்டத்துல சொல்லலை?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். "எங்களுக்கு மட்டும் ஆரு சாமி சொன்னாங்க? ஆத்தா இடுப்புல இருக்கறப்பவே பாத்தது. இதெல்லாம் சொல்றதுக்கு ஒண்ணுன்னே தோணலீங்களே."

என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "நேத்தும் அப்படிப் போயிருக்கலாமுங்களா?"

"போயிருக்கலாம் கண்ணு. நேத்துக் காத்தால வண்டி போறப்ப நான் பாத்துட்டுத்தான் நின்னேன். எல்லைக்கல்லுகிட்ட எறங்கலையே, அப்ப லேசான காரியமாட்ட இருக்குது, பொழுதுக்குள்ள வந்துருவாங்கன்னு நெனச்சேன். பெத்த ஆத்தாளுக்கு இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..."

என்னைப் பார்த்துப் பேசவில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார். அவள், "சரிங்க" என்றாள். அரிசி புடைத்துக்கொண்டே என்னிடம் சொன்ன அதே குரல்.

வண்டி கட்டினோம். எல்லைக்கல்லில் அவள் சொம்போடு இறங்கப் போனாள். கூட நடந்துவந்த கொடிக்கால்காரர் மனைவி அவள் கையிலிருந்து சொம்பை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "தீட்டு வந்துருச்சுங்க அம்மிணி. நீங்க ஊத்தப்படாது. நான் ஊத்தறேன்." அவள் ஊற்றினாள். கல்லின்மேல் தண்ணீர் பரவி மண்ணில் இறங்கிற்று. மாடுகள் நடந்தன. ஊர்க்கட்டைத் தளர்த்துவதற்கு ஆன நேரம் அவ்வளவுதான்.

சேலம் போனபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். மைத்துனர் மொட்டைத் தலையோடு ஈரவேட்டியில் உட்கார்ந்திருந்தார். தங்கையிடம் மட்டும், "ராத்திரி அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவ எங்க, இருக்கேன்னு சொன்னாளேன்னு. கொல்லையில இருக்கா, வருவான்னு சொல்லிச் சொல்லித் தூங்க வெச்சோம்" என்றார். இவள் தலையாட்டினாள். முன்னறையில் மாமியார் படுத்திருந்த இடம் ஈரமாக இருந்தது. அதன் ஓரத்தில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் தெருவில் கட்டிலில் படுத்தேன். எனக்கும் தூக்கம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

காரியம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது கம்பத்தை ஆற்றில் விட்டிருந்தார்கள். நட்ட இடத்தில் ஒரு குழி இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடிக்கால்காரர் மனைவி கடைசிவரை சேர்த்து ஊற்றியிருந்தாள்.

கட்டு என்ன என்று எந்த ஊரும் முதல் நாளே சொல்லிவிடும். வந்தவன் கேட்காவிட்டாலும் சொல்லும். அது எங்கே தளரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒளித்து வைக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே பிறந்தவனுக்கு அது கதவு இருக்கும் இடம் மாதிரி. வந்தவனுக்குச் சுவர்தான் தெரியும். தெரிந்த சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். என்னைப்போல் தானாகவே மேலே வந்தவன் இன்னும் கெட்டியாகப் பிடிப்பான், ஏனென்றால் கேட்டுப் பழக்கமில்லை. ஆகையால் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: குடிபோகிற ஊரில் முதலில் ஒரு வீட்டோடு சண்டை போடுகிற அளவுக்குப் பழகுங்கள். பிறகு அவர்களிடம் கேளுங்கள், இங்கே சாவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று. தண்ணீரை அப்புறம் ருசி பார்க்கலாம். சொன்னால் தலையாட்டுகிறார்கள். போய்க் கிணற்றைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தச் சித்திரையில் எனக்கு அந்த ஊரில் இருக்க மனமில்லை. ராசிபுரம் பக்கம் மிஷினுக்கு இடம் பார்க்க ஓர் ஆளிடம் சொல்லி வைத்தேன். மிஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றி இன்னோர் ஊரில் பூட்டுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. இரண்டு கையாலும் நானே செய்வேன். என் மனைவியிடம் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். சேலத்துக்குப் பாதி தூரம், பஸ் வாசலுக்கே வரும், இனி இப்படி ஆகாது என்றேன்.

அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிழிந்து கொடியில் போட்டாள். "அங்க போனா மறுபடியும் முதல்லேர்ந்துங்களா?" என்றாள்.

"பின்னே? புது ஊருன்னா அப்படித்தான். ஒரு ரெண்டு மூணு வருசம்."

"நான் வரலீங்க."

"ஏன்?"

"இந்த ஊருக்குக் குடுக்கறதைக் குடுத்தாச்சு. இன்னோர் ஊருக்குக் குடுக்க எங்கிட்ட இன்னோர் அம்மா இல்லீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள். படலுக்கு வெளியே கொடிக்கால்காரர் மனைவி, "அம்மிணி, ஆத்துக்கு வாரீங்களா?" என்று கூப்பிட்டாள். இவள், "வாரனுங்க" என்று குரல் கொடுத்தாள். அவர்கள் ஊர்ப் பேச்சில்தான் சொன்னாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மிஷின் கொட்டகைக்குப் போய் பெல்ட்டை மாட்டினேன். நெல்லோடு வந்து காத்திருந்தார்கள். ராசிபுரத்து ஆளுக்கு, இடம் வேண்டாம் என்று மறுநாள் சொல்லியனுப்பினேன்.